மூன்று இலைச் சுருட்டு

துப்பறிவாளரின் மச்சானுக்கு வயது ஐம்பது. பட்டப்பெயர் அவசரம். குற்றம் நடக்கும் முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடத் துடிப்பவர். அன்று காலை சுருட்டு ஆலை முதலாளி வந்து ஒரு பெட்டியை மேசைமேல் வைத்ததுமே, ‘இவர்தான்’ என்று மனதுக்குள் விலங்கு மாட்டிவிட்டார்.

“எங்க உசத்தி ரகம் சார். ரொம்பக் காட்டமாவும் இருக்காது, சப்புன்னும் இருக்காது, நடுவாந்தரம். இந்தத் தடவை தொண்டையைக் கிழிக்குதுன்னு எல்லாப் பெட்டியும் திரும்பி வருது. சுருட்டு சுத்துற அம்மா ஒருத்தி இலையை மாத்தி வைக்கிறான்னு மாமா சொல்றாரு. சாயங்காலம் அவளை அனுப்பிடுவேன். வேற எந்த ஆலையும் சேர்த்துக்காதபடி சொல்லியும் விடுவேன். தப்பு அவளுதுதான்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும்.”

மாமா என்பவர் முதலாளியின் அக்கா கணவர். ஆலையில் சுவை பார்ப்பவர்.

ஆலையின் இலை அறைக் கதவைத் திறந்ததும் குதிரை லாயத்தின் நாற்றம் முகத்தில் அறைந்தது. அவசரம் தும்மினார். அந்தத் தும்மலில் எதிர்ச்சுவர் சன்னல் திறந்துகொண்டது; இன்றுவரை அது சரியாக மூடுவதில்லை. சுவை பார்ப்பவரோ அங்கேயே ஒரு மூட்டைமேல் சாய்ந்து தேநீரை ரசித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்த சுற்றும் கூடத்தில் அந்த அம்மாள் தலை நிமிராமல் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தாள்.

“இலையை மாத்தி வைக்கிறீங்களாமே?” என்றார் அவசரம்.

“ஆமா, மாட்டுக்குப் போட்ட புல்லைச் சுத்துறேன். வேணும்னா உங்களுக்கும் ஒண்ணு தரட்டுமா?” என்றவள், துப்பறிவாளரிடம் மரியாதையாகச் சொன்னாள். “செடியோட அடி இலை நல்லாப் பத்தும். நடு இலை வாசனை. மிளகு மாதிரி காட்டமெல்லாம் நுனி இலைதான். அது மெதுவா எரியும், அதனால நட்டநடுவுல இருக்கணும். ஓரத்துல வச்சா சுருட்டு கோணலா எரியும்.”

திரும்பி வந்த பெட்டியிலிருந்து துப்பறிவாளர் ஒன்றைப் பற்றவைத்தார். கண்ணில் நீர் வந்தது. சாம்பல் மட்டும் நேராக நின்றது. பிறகு அந்த அம்மாளின் காதில் ஏதோ சொன்னார். அவள் புதிதாக ஒன்று சுற்றித் தந்தாள். துப்பறிவாளர் இலை அறைக்குத் திரும்பி அதைச் சுவை பார்ப்பவரிடம் நீட்டினார்.

அவர் கண்ணை மூடி இரண்டு இழுப்பு இழுத்தார். “முதல்ல தேவதாரு. நடுவுல வறுத்த காப்பிக்கொட்டை. கடைசியில நாக்கு நுனியில மிளகு.”

“ரெண்டே இழுப்புல கடைசி வரைக்கும் போயிட்டீங்களா?” என்றார் துப்பறிவாளர். எல்லோரையும் சுற்றும் கூடத்துக்கு அழைத்தார்.

“சுருட்டு நேரா எரிஞ்சுது. அப்ப நுனி இலை நடுவுலதான் இருக்கு, சுத்தினதுல தப்பில்ல. தப்பு இலையில. அந்த மூட்டை இன்னும் பதமாகல. அதான் லாய நாத்தம். என் மச்சான் வாசல்லயே தும்மினாரு. இவரு அதுமேலேயே சாய்ஞ்சு டீ குடிச்சாரு. இப்ப இவரு மிளகுன்னு சொன்ன சுருட்டுல நுனி இலையே கிடையாது. வெறும் அடி இலை. இவருக்கு மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல.”

“ரெண்டு வருஷமா இல்ல,” என்றாள் அந்த அம்மாள். “தினம் காலையில ‘எப்படி இருக்கு’ன்னு என்னைக் கேட்டுத்தான் முதலாளிகிட்ட சொல்லுவாரு. இந்த மூட்டை மூணு மாசம் கிடக்கட்டும்னேன். ‘உங்களுக்கே தெரியலையா ஐயா’ன்னும் வாய்விட்டுக் கேட்டுட்டேன். அன்னியிலேருந்து என்னைத் துரத்தப் பார்க்கிறாரு.”

சுவை பார்ப்பவர் தரையைப் பார்த்தார். முதலாளி அவளிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று அவசரம் இப்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எல்லாம் சரிதான்,” என்றார் முதலாளி, சன்னலைச் சாத்தச் சொல்வதுபோல. “ஆனா பெட்டிமேல மாமா படமுல்ல அச்சடிச்சிருக்கு? நாக்கு செத்த ஆளுன்னு ஊருக்குச் சொல்ல முடியுமா? சுத்தினவளை அனுப்பிட்டேன்னு சொல்றது லேசு. நீ கிளம்பும்மா.”

“அத்தான், ஏதாவது சொல்லுங்க!” அவசரம் துள்ளினார்.

“நான் எழுதித் தரமாட்டேன்,” என்றார் துப்பறிவாளர்.

“பரவாயில்ல சார், நானே எழுதிக்கிறேன்.”

அவள் இலை நறுக்கும் வளைந்த கத்தியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். சுவை பார்ப்பவர் வாசல்வரை ஓடினார். “நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

அவள் பரிவோடு திரும்பினாள். “வேளாவேளைக்குச் சாப்பிடுங்க ஐயா. உப்பு பத்தலைன்னு மட்டும் வீட்டு அம்மாகிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க.”

கூடமே சிரித்தது. முதலில் சிரித்தவர் முதலாளி.