எப்போதும் இதிலேயே திற

படம் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக, பின்வளவுக் கிணற்றுக்குள் வாளி விழுந்த சத்தம் கேட்டது.

மர்ஷூதா லெப்டொப்பில் இருந்து கையை எடுத்தாள். அதில் வெள்ளைச் சட்டம் ஒன்று மட்டும் விரிந்து நின்றது. அதற்குள் கோடோ நிழலோ எதுவும் இல்லை. வெளியே வாளி தண்ணீரில் அமிழ்ந்து நிறைந்து, கயிறு கப்பியில் கிறீச்சிட்டபடி மெல்ல மெல்ல மேலே ஏறுவது, அறைக்குள் நடப்பதுபோலத் தெளிவாகக் கேட்டது. பிறகு ஒருவர் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் சத்தம்.

"ஸம்ஹா, கிணத்தடியில நீயா?"

"நான் குசினில தேங்கா துருவுறன்," தங்கையின் குரல் வந்தது. "ஏன் லாத்தா?"

"தண்ணி அள்ளுற சத்தம் கேட்டிச்சி."

"காத்தாத்தான் இருக்கும். இண்டைக்கு அடிக்கிற காத்துல கிணறே எழும்பிப் போனாலும் போகும்."

மோட்டார் பூட்டிய வருடமே அந்தக் கிணற்றின் கப்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டார்கள். மர்ஷூதா திறக்கப் பார்த்த படத்தின் பெயர் ‘கிணத்தடி’. அவளுடைய கணவன் பாறூக் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கையில் அவளே எடுத்த படம் அது.

பாறூக் கடலுக்குப் போய், ஒரு கிழமைக்குப் பிறகு சிலாபத்துக்கு அப்பால் கரையொதுங்கினான். வீட்டுக்கு வந்தது பொலித்தீனில் சுற்றிக் கபன் துணி போர்த்திய ஒரு நீளம் மட்டுந்தான். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றார்கள். அவளும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவள் இந்த அறையில், கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் ஒதுங்கியிருக்கும் இத்தா இருக்கிறாள். சன்னலுக்குத் தடித்த துணி, கதவில்லாத வாசலுக்குக் கனத்த பச்சைச் சீலை. அந்நிய ஆண்கள் அவளைக் காணக்கூடாது. அவளும் வெளியே போகக்கூடாது. அது அவளுக்குச் சுமையாக இருக்கவில்லை. அழுவதற்கு ஒரு அறை கிடைத்தது நல்லதென்றே நினைத்திருந்தாள்.

சுமை வேறு ஒன்று. அவனுடைய முகம் அவளைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. காதோரத்து நரை ஞாபகத்தில் இருந்தது. மேலுதட்டின் சிறு தழும்பு இருந்தது. சிரிக்கும்போது ஒரு கண் மற்றதைவிடச் சிறுத்துப்போவதும் இருந்தது. ஆனால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் வேறு யாரோ வந்து நின்றார்கள். தொழுகைப் பாயில் கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அந்த வேறு யாரோவின் முகம் தெளிந்துகொண்டு வந்தது. பாறூக்கின் முகம் கலங்கிக்கொண்டு போனது.

அந்த வீட்டில் சுவரில் படம் மாட்டும் வழக்கம் இல்லை. அவனுடைய போன் அவனோடு கடலுக்குள் போயிற்று. மிச்சம் இந்த லெப்டொப் மட்டுமே. கடலுக்குப் போகாத மாதங்களில் கலியாண வீட்டுப் படங்களைத் திருத்திக் கொடுத்து வந்ததால், எந்தப் படத்தை அமத்தினாலும் படம் திருத்தும் செயலியில் திறக்கும்படி வைத்திருந்தான். அதன் கட்டணத் தவணை முடிந்திருந்தது. ஒரு எச்சரிக்கை வரும், பிறகு எல்லாம் மூடிக்கொள்ளும். முந்நூறுக்கு மேற்பட்ட படங்கள் உள்ளே கிடந்தும் ஒன்றைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை.

மதுரங்குளியில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஹஸன் வந்து பார்த்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் அவன் உள்ளே வர முடியாது. தன் குரல் அவனுக்குக் கேட்பதையும் மர்ஷூதா விரும்பவில்லை. போனுக்கு சிக்னல் கிடைப்பது முன்வாசல் படியில் மட்டும். ஆகவே அன்று காலை ஸம்ஹா படியில் நின்று ஹஸன் சொல்வதை உள்ளே கத்தினாள். மர்ஷூதா சீலைக்குப் பின்னாலிருந்து தங்கைக்கு மட்டும் கேட்கும்படி பதில் சொன்னாள்.

"என்ன தெரியுதெண்டு கேக்கிறார் லாத்தா."

"எதில திறக்கிறதெண்டு கேக்குது. நாலஞ்சு செயலிப் பேர் வரிசையா இருக்கு."

"முதலாவதா இருக்கிறத அமத்தட்டாம். படம் பாக்கிறது அதுதானாம்."

"முதலாவதுக்குப் பேரில்ல. வெறும் வெள்ளைக் கட்டம்."

ஸம்ஹா அதைப் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"வெள்ளையெண்டா நல்லந்தானாம். கீழ ‘எப்போதும் இதிலேயே திற’ எண்டு ஒரு பெட்டி இருக்காம், அதுல சரி போடட்டாம். லாத்தாட இத்தா முடியும் வரைக்கும் கொம்பியூட்டரும் இத்தா இருக்குதோ எண்டு கேக்கிறார்."

"வாய மூடச் சொல்லு."

"ஹஸன் நானா, வாய மூடட்டாம்!"

பல கிழமைகளுக்குப் பிறகு மர்ஷூதா சிரித்தாள். சிரித்தபடியே அந்த வெள்ளைக் கட்டத்தை அமத்தினாள், பெட்டியில் சரி போட்டாள். படங்களின் அடையாளங்கள் எல்லாம் மேலிருந்து கீழாக வெள்ளையாகிக்கொண்டு போயின.

இப்போது அசர் தொழுகை முடிந்து வெயில் இறங்கிவிட்டிருந்தது. சோளகக் காற்று கடற்பக்கமிருந்து மணலை அள்ளிவந்து தகர வேலியில் எறிந்தது. கிணற்றடியில் குளிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"பாண் வாங்கிட்டு வாறன் லாத்தா," ஸம்ஹா சீலைக்கு வெளியே நின்று சொன்னாள். "மஃரிபுக்கு முந்தி வந்துருவன். தனிய இருப்பீங்களா?"

"நான் என்ன சின்னப் புள்ளையா? போ."

வாசற்கதவு சாத்தியது. மர்ஷூதா சற்றுநேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு, தனக்கே தெரியாமல் செய்வதுபோல, ‘மோட்டசைக்கிள்’ என்றிருந்ததை அமத்தினாள்.

மீண்டும் வெள்ளைச் சட்டம். முற்றத்து மணலில் சக்கரம் புதைந்து உருண்டு வந்தது, இயந்திரம் இருமி அணைந்தது, ஸ்டாண்டைக் காலால் தட்டி இறக்கும் ‘டக்’ கேட்டது. சன்னல் துணிக்கு அடியால் பெற்றோல் வாசனை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வாசனை, வெகுநேரம் தண்ணீரில் கிடந்த கயிற்றின் வாசனை.

மோட்டசைக்கிளை அவனுடைய மௌத்துக்குப் பிறகு விற்றுவிட்டிருந்தார்கள்.

அவள் எழும்பி ஓடியிருக்கலாம். ஆனால் முதலில் வந்தது பயமல்ல, ஒரு நப்பாசை. அதை அவள் தன்னிடமே மறைக்கப் பார்த்தாள். பயம் பின்னால் வந்தது. காலையில் செய்ததை மாற்றிவிட நினைத்து, எதில் திறப்பது என்ற இடத்துக்குப் போனாள். காலையில் நாலைந்து பெயர்கள் இருந்த இடத்தில் இப்போது அந்த வெள்ளைக் கட்டம் மட்டும் இருந்தது. கீழே பெட்டியில் சரி. அமத்தி எடுத்தாள். அது மறுபடி வந்தது. எடுத்தாள். வந்தது. நிறுத்தப் போனால் லெப்டொப் அணையவில்லை. மூடியை இறக்கினாள். உள்ளே வெளிச்சம் அப்படியே இருந்தது. விளிம்பில் ஒரு வெள்ளை நூல்போலக் கசிந்தது.

திரும்பத் திறந்தாள். ‘கலியாணம்’. விரல் அதில் போய் நின்றது. இந்த ஒன்று மட்டும், என்று சொல்லிக்கொண்டாள்.

அத்தர் மணந்தது. முன்னறையில் புதுச் சப்பாத்து நெருநெருத்தது. இரண்டு அடி, ஒரு தயக்கம், மீண்டும் இரண்டு அடி. பிறகு மெல்லிய ஒரு செருமல். முதன்முதலாக அவள் இருந்த அறைக்குள் வருமுன் அவன் செருமியது அப்படித்தான். உள்ளே இருக்கும் பெண்ணைத் திடுக்கிட வைக்கக்கூடாது என்ற கூச்சம் அதில் இருந்தது. இப்போதும் இருந்தது.

சீலைக்கு அடியில் இரண்டு சப்பாத்து முனைகள் தெரிந்தன. கறுப்பு, புதியவை. அவற்றைச் சுற்றித் தரை நனைந்துகொண்டிருந்தது.

"நீங்களா?"

அவள் சீலையை நோக்கிச் சற்றுக் குனிந்தாள்.

"கோவமா? ஆக்கள் பாக்க வேணாமெண்டாங்க. அதான் பாக்கல்ல. இப்ப காட்டுங்க. முகத்த மட்டும் ஒருக்காக் காட்டுங்க."

சப்பாத்து முனைகள் அசையவில்லை. அவள் சொல்லாமல் அந்தச் சீலையைத் தாண்டி எந்த ஆணும் வந்ததில்லை. அவனும் வரவில்லை.

எழும்பிப் போய்ச் சீலையை விலக்கினால் போதும். நான்கு அடி தூரம். அவள் எழும்பவில்லை. விலக்கிப் பார்த்தால் அங்கே நிற்பது தொழுகைப் பாயில் வருகிற அந்த வேறு யாரோவாக இருந்தால்? கலியாண நாளில் தலை குனிந்தே இருந்தாள், அவனைச் சரியாகப் பார்க்கவில்லை. கிணற்றடியில் தண்ணீர் முகத்தை மறைத்திருந்தது. எந்த ஒரு படத்திலும் அவன் முழுதாக இல்லை. எல்லாம் சேர்ந்தால் இருப்பான். எல்லாவற்றிலும் இருப்பவன் அவனாக மட்டுந்தானே இருக்க முடியும்?

அந்த நினைப்பு தன்னுடையதா என்று அவள் யோசிக்கவில்லை. மேலிருந்து கீழாக எல்லாப் படங்களையும் தெரிவுசெய்தாள். அமத்தினாள்.

வெள்ளைச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்தன. அறை வெளுத்தது.

வெளியே கப்பி கிறீச்சிட்டது. முற்றத்தில் ஸ்டாண்ட் தட்டப்பட்டது, மறுபடியும், மறுபடியும். குசினியில் யாரோ கோப்பையை வைத்தார்கள். முன்னறைக் கதிரை முனகியது. அலுமாரி திறந்தது. கூரையில் ஓடு ஒன்றை யாரோ மாற்றினார்கள். ஒரு சின்னப் பையன் செருப்புச் சத்தத்தோடு வீட்டைச் சுற்றி ஓடினான். அவள் அறியாத பாறூக் அது, பள்ளிக்கூடக் காற்சட்டைக் காலத்துப் பாறூக். எல்லாத் தொண்டைகளிலிருந்தும் அதே செருமல்.

பிறகு அடிகள். எல்லாம் ஒரே பக்கமாக.

சீலைக்கு அடியில் கால்கள் நிறைந்தன. சப்பாத்து. ரப்பர் செருப்பு. வெறுங்கால். மணல் ஒட்டிய கால். சின்னப் பையனின் கால். ஈரம் அறைக்குள் ஊர்ந்து பாயின் ஓரத்தைத் தொட்டது.

கடைசியாக ஒரு சத்தம். நடப்பதல்ல. தரையோடு தரையாக, நனைந்த சாக்கை இழுப்பதுபோல. பொலித்தீன் சரசரப்பு.

அதை யாரும் படம் எடுத்திருக்கவில்லை.

கால்கள் விலகி அதற்கு வழி விட்டன.

சீலை உள்ளே புடைத்தது. மேலே, ஒரு நெற்றி. மூக்கு. உதடு. பக்கத்தில் இன்னொன்று. அதே நெற்றி, அதே மூக்கு. அதற்குக் கீழே சின்னதாக ஒன்று. பச்சைத் துணி நனைந்து ஒட்டி, முகங்களாகவே எழும்பி நின்றது. மேலுதட்டின் தழும்புகூடத் தெரிந்தது. அவன்தான். எல்லாம் அவன்தான். அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

வாய்கள் திறந்தன. மூச்சு இழுபட, துணி வாய்களுக்குள் குழிந்தது. ஒரே நேரத்தில். விட்டது. மறுபடி குழிந்தது.

பள்ளியில் மஃரிப் பாங்கு தொடங்கியது. வாசற்கதவு திறந்தது.

"லாத்தா," ஸம்ஹாவின் குரல், "வீட்டுல ஆரு? வாசல் நிறையச் செருப்பு. எல்லாம் ஈரம்."

உள்ளே வராதே என்று கத்த மர்ஷூதா வாயைத் திறந்தாள். மூச்சு மட்டுமே வந்தது.

துணியிலிருந்த முகங்கள் திரும்பின. ஒவ்வொன்றாக, அந்தக் குரல் வந்த பக்கம். சீலை தளர்ந்து தொங்கியது.

தரையோடு கிடந்த ஒன்று மட்டும் திரும்பவில்லை. அதற்கு மூக்கு இல்லை, உதடு இல்லை, துணியைப் பற்றிய வாய் மட்டும் இருந்தது. அது மூச்சு விடவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தது. மேலே கம்பியில் சீலையின் வளையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பச்சைத் துணி, ஒரு சாண், இன்னொரு சாணாக, அந்த வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.