நிமிர்ந்து நின்ற டின்

பச்சை பெயிண்ட் டின்னுக்குள் கையை விட்ட போலீஸ்காரர் முழங்கை வரை பச்சையாக வெளியே எடுத்தார். கையோடு ஒரு பிளாஸ்டிக் பொட்டலமும் வந்தது. உள்ளே போதைத் தூள். யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். கிடங்குக்குச் சொந்தக்காரரான பெயிண்டர் அங்கேயே கைதானார். பொட்டலத்தின் எடைக்குக் குறைந்தது பத்து வருஷம் என்றார்கள்.

கிடங்கின் பூட்டு உடைபடவில்லை. சாவி மூன்று பேரிடம் இருந்தது: பெயிண்டர், வெகுகாலமாக அவரோடு சேர்ந்து பெயிண்ட் அடிக்கும் கூட்டாளி, போன மாதம்தான் வேன் ஓட்ட வந்த மச்சினன்.

வழக்கு வக்கீலம்மாவிடம் வந்தது. போதைப்பொருள் வழக்கில் "நீ செய்தாயா" என்று அவர் முதலில் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் ஊரே இருக்கிறதே. சோதனை ஒழுங்காக நடந்ததா, சீல் வைத்தது யார், அந்த இடத்தில் வேறு யார் கை நீளும் என்றுதான் பார்ப்பார். பாழாய்ப்போன சோதனையும் சீலும் கச்சிதமாக இருந்தன. எதையும் தொடுவதற்கு முன் போலீஸ் எடுத்த வீடியோ ஒன்றுதான் மிச்சம். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் பூத்துப்போனது.

சிறைக்குப் போன வக்கீலம்மா, வீடியோவில் அலமாரி டின்களெல்லாம் ஏன் தலைகீழாக இருக்கின்றன என்று பெயிண்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டார். பாதி தீர்ந்த டின்னைக் கவிழ்த்து வைத்தால்தான் காற்றுப் புகாது, மேலே ஆடை கட்டாது என்றார் அவர். தனக்கும் கூட்டாளிக்கும் தூக்கத்தில்கூடக் கை அப்படித்தான் வைக்கும் என்று சிரித்தார்.

"அப்ப அந்தப் பச்சை டின் மட்டும் ஏன் நேரா நிக்குது?"

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "விட்ருங்கம்மா. நானே ஒத்துக்கிறேன்."

தப்பிக்க வழி தெரிந்ததும் ஒத்துக்கொள்ள ஓடும் மனுஷனை வக்கீலம்மா அன்றுதான் பார்த்தார். மனசு கேட்கவில்லை. "நீங்க உள்ள இருந்தா, வெளிய தனியா கஷ்டப்படப் போறது உங்க சம்சாரம். அவங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சரியென்று மெல்லத் தலையாட்டினார்.

அன்று மாலை வக்கீலம்மா போனபோது வீட்டில் பெயிண்டரின் மனைவியும் வேன் ஓட்டும் அவள் தம்பியும் இருந்தார்கள். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டனை குறையுமாமே என்று அவன் ஆரம்பித்தான்.

வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை. "டின்னை நேரா வச்சவன் பெயிண்ட் அடிக்கிற ஆளே இல்ல. சாவி இருக்கிற மூணு பேர்ல அந்தத் தொழில் தெரியாதவன் நீ ஒருத்தன்தான். பொட்டலத்தைப் போட்டுட்டு, கடையில வைக்கிற மாதிரி மூடி மேல இருக்க வச்சிருக்க. போலீஸ் டின்னை எடுக்கும்போதே உன் மாமாவுக்குப் புரிஞ்சிருக்கும். உங்க அக்காவுக்காக வாயை மூடிட்டு இருக்கார். நான் அவருக்கு வக்கீல். உனக்கு வேற ஆள் வேணும், நல்ல ஆளா நானே சொல்றேன்."

இரண்டு நாள் வைத்திருக்கச் சொல்லித்தான் கொடுத்தார்கள் என்று அவன் முணுமுணுத்தான். மாமாவைப் பிடிப்பார்கள் என்று நினைக்கவே இல்லையாம். சொல்லும்போதே அழுதான்.

அக்கா அழவில்லை. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"வக்கீலம்மா போய்ச் சொன்னா, நீ மாட்டிக்கிட்டவன். நீயா போய்ச் சொன்னா, என் தம்பி. நானும் கூட வரேன், எந்திரி."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் காத்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவனும் எழுந்து வந்தான்.