பிள்ளைக் காம்பராவில் காணாமல்போன போன்

காலை மணி 10.40. செவ்வந்திமலைத் தேயிலைத் தோட்டத்துப் பழைய பிள்ளைக் காம்பராவில் மேசை இருந்தது. மேசையில் சார்ஜர் வயர் இருந்தது. வயரின் நுனியில் இருக்க வேண்டிய போனை மட்டும் காணவில்லை.

மணி 12.15. ஹட்டன் பஸ்ஸிலிருந்து றொசானா இறங்கினாள். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போன் திருத்தும் கடை வைத்திருப்பவள். கெட்டுப்போன போனைக் கையில் வாங்கியதும், அது எங்கே எப்படி விழுந்தது என்று சொந்தக்காரர் வாய் திறக்குமுன் சொல்லிவிடுவாள். அவர்கள் வேறு கதை சொன்னால் முகத்துக்கு நேரே சிரித்தும்விடுவாள். அதனாலேயே, வீட்டில் ஏதாவது களவு போனால் பொலிஸுக்கு முன்னால் அவளைத் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள்.

பிள்ளைக் காம்பரா என்பது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். புதுக் கட்டடம் எழும்பிய பிறகு பழையது சும்மா கிடந்தது. அதைத் தோட்டத்து நிர்வாகத்திடம் கேட்டு வாங்கி, ஜெயந்தினியும் ஜூட்சனும் இரண்டு வருடமாக மொபைல் கேம் ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். ஜெயந்தினி, பள்ளிக்கூடத்தில் றொசானாவுடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இப்போது கண் இரண்டும் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி இது, செத்த வீடு மாதிரி?” என்றாள் றொசானா.

“கம்பனிக்காரங்க மூணு மணிக்கு வர்றாங்க. போன் இல்லன்னா எல்லாம் முடிஞ்சுது.”

விஷயம் இதுதான். அது இன்னும் கடைக்கே வராத போன். அதன் முன்பக்கத்தில் இருக்கும் புதுச் சென்சர், எதிரே நிற்பவரின் பத்து விரல்களையும் தூரத்தோடு அளந்து பதியும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சிப், இலை நுனியில் தொங்கும் பனித்துளியைக்கூட உருண்டையாக வரைந்து காட்டும். அந்தப் போனோடு சேர்த்து விற்க ஒரு கேம் தேவையென்று கம்பனி மூன்று குழுக்களைத் தெரிந்தெடுத்து, குழுவுக்கொரு சோதனைப் போனை இரவலாகக் கொடுத்திருந்தது. போனைத் தொலைத்த குழு போட்டியில் இல்லை என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது.

ஜெயந்தினியின் கேமில் போனை நிறுத்தி வைத்து, எதிரே நின்று வெறுங்கையால் கொழுந்து பறிக்க வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, தோளுக்குப் பின்னால் கூடையில் எறிந்தால் புள்ளி. முற்றின இலையைப் பறித்தால் புள்ளி குறையும்.

“கூப்பிட்டுப் பார்த்தியா?”

“கோல் வசதியே இல்ல. டேட்டா மட்டுந்தான். இடம் காட்டுறதும் இன்னும் போடல. லொக்கும் கிடையாது.”

“எப்ப தனியா இருந்துச்சு?”

“பத்து இருபதுல இருந்து பத்து நாப்பது வரைக்கும். ரோட்டுக்கு வந்த பெரிய டீவியை நானும் ஜூட்சனும் தூக்கிட்டு வரப் போனோம். அந்த நேரத்துல மூணு பேர் இங்க வந்திருக்காங்க.”

மூன்று பேரையும் றொசானா வரவழைத்தாள்.

மணி 12.45. முதலில் ஜூட்சன்.

“நடுவுல நீ தனியா திரும்பி வந்தியாமே?”

“டீவியைக் கட்ட கயிறு எடுக்க வந்தேன். போனைப் பார்க்கவே இல்ல.”

“கொழும்புல வேலைக்குக் கூப்பிட்டாங்களாம்?”

“கூப்பிட்டாங்க. வர மாட்டேன்னு சொல்லிட்டேன். இந்தக் கேம்ல ஒவ்வொரு இலையையும் நான் வரைஞ்சிருக்கேன், அதை விட்டுட்டா போவேன்?” ஜூட்சன் மேசையிலிருந்த சார்ஜர் வயரைச் சுருட்டினான். “மூணு மணிக்கு அந்தப் போனுக்கு ஈரத்துணி சுத்திக்கூட வச்சுக் காட்ட இருந்தோம். பத்து நிமிசம் ஓடினா சூடேறி, படம் இழுத்து இழுத்து நிக்கும்.”

அடுத்தது நாகலெட்சுமி. தோட்டத்திலேயே அதிகம் கொழுந்து பறிப்பவள். கேமிலும் அவள்தான் முதலிடம், நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி. மேட்டிலுள்ள தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் குடியிருப்பவள்.

“எதுக்கு வந்தீங்கக்கா?”

“மூணு மணிக்கு என்னைய விளையாடிக் காட்டச் சொல்லியிருந்தாங்க. நல்ல சீலை கட்டிட்டு வரணுமான்னு கேக்க வந்தேன். ஆள் இல்ல, போயிட்டேன்.”

“மலைக்கா?”

“இல்ல, முழங்கால் வலின்னு வீட்டுக்கு. பன்னெண்டு வரைக்கும் படுத்துக் கிடந்தேன்.”

“சாட்சி?”

“கோழிதான் இருந்துச்சு. அதைக் கேளு.”

மூன்றாவது, டீமேக்கர் பத்திநாதன். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர். அரைக் கால்சட்டை, முழங்கால் வரை காலுறை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. ஐம்பத்தைந்து வயது. அவர் உள்ளே வந்ததும் நாகலெட்சுமி எழுந்து நின்றாள்.

“நீங்களும் வந்தீங்களாம் சார்?”

“இந்தப் பிள்ளைங்க படத்துக்குப் பச்சைக் கொழுந்து வேணும்னு கேட்டாங்க. இந்தத் தட்டுல கொண்டாந்து வச்சேன். போனேன். அவ்வளவுதான்.” பேசிக்கொண்டே தட்டிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி, உள்ளங்கையில் அமுக்கி, மூக்கருகே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். “ஊர்ப்பட்ட பொம்பளைங்க எல்லாம் வேலையை விட்டுட்டு காத்துல கொழுந்து பறிச்சிக்கிட்டுத் திரியுறாங்க. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல.”

“நீங்க விளையாடியிருக்கீங்களா?”

“போன ஞாயிறு ஒரு தடவை,” என்றார் பத்திநாதன். முகம் சிவந்தது.

“அறுபது புள்ளி,” என்றாள் நாகலெட்சுமி, யாரும் கேட்காமலே.

மணி 1.10. அழுத அழுகையில் ஜெயந்தினிக்கு மறந்துபோன ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அதன் பதிவு தானாகவே அவளுடைய கணினிக்கு வந்து சேரும். திறந்து பார்த்தாள். 11.05 முதல் 11.47 வரை, விடாமல் ஆறு ஆட்டங்கள்!

“களவெடுத்தவன் ஆற அமர விளையாடியிருக்கான்!” என்றான் ஜூட்சன்.

“பதிவுல, உசரம் காட்டுற காத்தழுத்த சென்சர் என்ன சொல்லுது?” என்றாள் றொசானா.

ஜூட்சன் கணக்குப் போட்டான். “இந்த இடத்தை விட ஒம்பது மீட்டர் உசரம்.” சற்று நிறுத்தினான். “மேல் லயம் அந்த உசரந்தான்.”

எல்லோரும் நாகலெட்சுமியைப் பார்த்தார்கள். அவள் கணினிப் பக்கம் கையை நீட்டினாள்.

“எவ்வளவு புள்ளி எடுத்திருக்கு அந்தக் கை?”

“நூத்திப் பன்னண்டு. அதுதான் கூடுதல்,” என்றான் ஜூட்சன்.

“நூத்திப் பன்னண்டு எடுக்குறவளாடா நான்? களவாணின்னு சொல்லு, பொறுத்துக்குவேன். கொழுந்து பறிக்கத் தெரியாதவன்னு சொல்லாத!”

அந்த நேரத்திலும் றொசானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “படம் இழுத்துச்சா ஜெயந்தினி?”

“இல்ல. கடைசி வரைக்கும் நொடிக்கு அறுபது படம். ஆனா விரல் பதிவு பிழையா இருக்கு. சென்சர்ல ஏதோ கோளாறு. பறிச்ச கை கூடைக்குப் போகாம, மூடி, முகத்துக்கு நேரா போய் நிக்குது. பத்துப் பதினஞ்சு தடவை.”

றொசானா வாசலுக்குப் போனாள். விடிகாலை மழை விட்டு, பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறியிருந்தது. மேல் லயத்துத் தகரக் கூரைகள் கண்ணைக் கூசவைத்தன. எதிரே, பிள்ளைக் காம்பராவின் மட்டத்திலேயே, மூன்று மாடித் தொழிற்சாலை. அதன் உச்சி மாடியில் விசிறிகள் உறுமிக்கொண்டிருந்தன. அவள் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“எல்லாரும் வாங்க. ஏறுவோம்,” என்றாள்.

மணி 1.40. உச்சி மாடி. கொழுந்தை வாட்டுவதற்காக நீள நீளமான தொட்டிகளில் பரப்பியிருந்தார்கள். தொட்டிகளின் கீழிருந்து விசிறிக் காற்று குளிரக் குளிர வீசியது. றொசானா தன் சொந்தப் போனை ஜூட்சனிடம் நீட்டினாள். அதிலும் காற்றழுத்தம் பார்க்கும் வசதி இருந்தது.

“பிள்ளைக் காம்பராவை விட ஒம்பது மீட்டர்!” என்றான் ஜூட்சன்.

“மேல் லயமும் ஒம்பது, இதுவும் ஒம்பது. ஆனா தகரக் கூரைக்குக் கீழ, அந்த வெயில்ல, பத்து நிமிசத்துல சூடேறுற போன் நாப்பது நிமிசம் இழுக்காம ஓடுமா? என் கடையில தினமும் பார்க்குறேன், ஓடவே ஓடாது. ஈரத்துணியை விட நல்லா யாரோ அதைக் குளிர வச்சிருக்காங்க. மழையில நனைஞ்ச கொழுந்து வந்தா முதல்ல சூடில்லாத காத்துதான் விடுவாங்க. சரியா சார்?”

“சரி,” என்றார் பத்திநாதன்.

“ஜெயந்தினி சென்சர் கோளாறுன்னு சொன்னா. அது கோளாறு இல்ல. பறிக்கிறவங்க கை கூடைக்குப் போகும். கொழுந்தை அள்ளி, அமுக்கி, பதம் பார்க்க மூக்குக்குக் கொண்டுபோற கை இந்தத் தோட்டத்துல ஒருத்தருக்குத்தான். கீழ என்கிட்டப் பேசும்போதும் தட்டுல இருந்து எடுத்து அதையேதான் செஞ்சீங்க. பத்திநாதன் சார், போனைக் குடுங்க.”

பத்திநாதன் குனிந்தார். முழங்கால் வரை இழுத்துவிட்டிருந்த காலுறைக்குள்ளிருந்து போனை எடுத்து ஜெயந்தினியின் கையில் வைத்தார்.

“அறுபது புள்ளின்னு ஊரே சிரிச்சுதும்மா. ஒரு ஆட்டம் பழகிட்டுக் கொண்டாந்து வச்சிரலாம்னு எடுத்தேன். ஒண்ணு ஆறாச்சு. கீழ இறங்கினா, களவு போச்சுன்னு தோட்டமே பேசுது. அப்புறம் எப்படிச் சொல்லுவேன்? மன்னிச்சிருங்க.”

“அது சரி, படத்துல இருக்குற கொழுந்தை ஏன் சார் மணந்தீங்க?” என்றாள் ஜெயந்தினி, கோபம் தணியாமல்.

“தெரியலம்மா. பனியோட அது கையில இருக்குற மாதிரியே இருந்துச்சு. கை தானாப் போயிருச்சு. ஒவ்வொரு தடவையும் வாசம் வரலையேன்னுதான் ஏமாந்தேன்.”

ஜூட்சன் சட்டென்று திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மணி 3.00. கம்பனியிலிருந்து ஊர்மிளா வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, சிரிக்கத் தெரியாதவள் போலிருந்தாள். போன் தொலைந்ததை மறைக்கலாம் என்றான் ஜூட்சன். ஜெயந்தினி மறைக்கவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, விரல் பதிவையும் திறந்து காட்டினாள்.

ஊர்மிளா நெடுநேரம் பதிவையே பார்த்தாள். பிறகு பத்திநாதனிடம் திரும்பினாள்.

“நீங்களோ எடுத்தனீங்கள்?”

“நான்தாம்மா.”

“தொலைச்சால்தான் நீக்கம். போன் இப்ப என்ர கையில இருக்கு,” என்றாள் ஊர்மிளா. “மற்ற ரெண்டு குழுவின்ர கேமும் பாத்திட்டன். வடிவாத்தான் செய்திருக்கினம். ஆனா படத்தை மணந்து பாத்த ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன். ஜெயந்தினி, எங்கட போனோட உங்கட கேம்தான் வரும்.”

ஜெயந்தினி, மத்தியானத்திலிருந்து தான் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த பத்திநாதனின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு வருட உழைப்பைப் பற்றி ஒருவராவது மனதார நாலு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருந்தாள். சொன்னவர் போனைத் திருடியவராக இருந்தது பற்றி அவளுக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லை.

அதற்குள் செய்தி லயங்களுக்கு ஓடி, வேலை முடிந்த பெண்கள் பிள்ளைக் காம்பராவுக்குள் திமுதிமுவென்று நுழைந்தார்கள். ஆளாளுக்கு ஒரு ஆட்டம் வேண்டுமாம். நாகலெட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள். பத்திநாதன் மெதுவாகப் போனை நோக்கி நகர்ந்தார்.

“சார், வரிசையில வாங்க,” என்றாள் நாகலெட்சுமி.

முப்பது வருடமாகத் தோட்டத்தையே தன் முன்னால் நிறுத்தி வைத்த டீமேக்கர், மறுபேச்சில்லாமல் பதினேழாவது ஆளாகப் பின்னால் போய் நின்றார்.