மூன்றாம் மாடியில் பேசிய கதவு

அன்றைக்கு எத்தனை கதவுகள் முகத்தில் அடித்தாற்போல் சாத்தப்பட்டன என்பது, அம்மா படியேறும் செருப்புச் சத்தத்திலேயே மிளகுக்குத் தெரிந்துவிடும். நல்ல நாள் என்றால் டக் டக் என்று வரும். மோசமான நாள் என்றால் இழுத்து இழுத்து வரும். இந்த வாரம் முழுக்க இழுவைதான்.

மிளகு என்பது அவளுடைய வீட்டுப் பெயர். ஆள் சிறியவள், வாய் மட்டும் காரம் என்று அப்பா வைத்த பெயர். அப்பா இப்போது இல்லை. போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

அம்மா டீச்சர். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்கியதும் அம்மாவிடம் ஒரு தோள்பையும் அடையாள அட்டையும் கட்டுக்கட்டாய்ப் படிவங்களும் கொடுத்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு வீடாகப் போய் எத்தனை பேர், என்ன வயது, என்ன வேலை என்று கேட்டு எழுத வேண்டும்.

முதல் வாரம் அம்மா எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள்.

"ஒரு அம்மா சொல்றாங்க, 'எங்க வீட்டுல எத்தனை பேருன்னு தெரிஞ்சி நீங்க என்ன சமைச்சா போடப் போறீங்க?'ன்னு. ஒரு தாத்தா, 'வரி போடத்தானே வந்திருக்க? நான் வெளியூரு!'ன்னாரு. கையில துண்டு, தலையில சோப்பு நுரை. வெளியூர்க்காரராம்!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்போது அம்மா நடித்துக் காட்டுவதில்லை. பையைக் கழற்றி மாட்டிவிட்டு, விளக்குகூடப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். மிளகுதான் போய் ஸ்விட்சைத் தட்ட வேண்டியிருக்கிறது.

"இன்னைக்கு என்னம்மா ஆச்சு?"

"நீல கேட் வீட்டுக்காரர் நாயை அவுத்து விட்டுட்டாரு."

"கடிச்சுதா?"

"இல்ல. அது பாவம், வாலை ஆட்டிக்கிட்டு வந்து கையை நக்குச்சு. அவர்தான் கடிச்சாரு, பேச்சால."

மிளகு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

அப்போது சூப்பர்வைசர் போன் செய்தார். அவர் பேசியது மிளகுக்கும் கேட்டது. "உங்களுக்குக் குடுத்த தெருவுல பாதி வீட்டு ஃபாரம் காலியா கெடக்கு டீச்சர். சனிக்கிழமைக்குள்ள முடிக்கலைன்னா பள்ளிக்கூடத்துக்கு எழுத வேண்டியிருக்கும். அப்புறம் வேலை போச்சுன்னு என்கிட்ட வரக் கூடாது."

"சரிங்க சார்," என்றாள் அம்மா. போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் வேலை போனால் இந்த வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியாது. அதை யாரும் மிளகுக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிகிற விஷயங்கள் இந்த வீட்டில் இப்போது நிறைய இருந்தன.

அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்த படிவமும் அப்படித்தான். அது அவர்கள் வீட்டுப் படிவம். கணக்கெடுக்கிறவர்களைச் சொந்தத் தெருவுக்கு அனுப்ப மாட்டார்கள். அதனால் இவர்கள் தெருவுக்கு வேறொருவர் வந்தார். வீடு பூட்டியிருந்ததால், நிரப்பி வைக்கச் சொல்லிக் கதவுக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று அம்மா அதை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். ஊரெல்லாம் கேட்டு எழுதுகிற அம்மா, தன் வீட்டுப் படிவத்தில் ஓர் எழுத்துகூட எழுதவில்லை.

வியாழக்கிழமை பள்ளி விடுமுறை. மிளகு வீட்டில் தனியாக இருந்தாள்.

"யார் தட்டினாலும் திறக்கக் கூடாது, என்ன?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் அம்மா.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது.

"வீட்டுல யாருங்க? எத்தனை பேர் இருக்கீங்க?" ஆண் குரல்.

எத்தனை பேர் என்று எதற்குக் கேட்கிறார்? ஒரே ஒருத்திதான் என்று தெரிந்தால் என்ன செய்வார்?

"யாரும் இல்ல!" என்று கத்தினாள்.

"யாரும் இல்லையா? அப்ப பேசறது யாரு, கதவா?"

"ஆமா!"

"நான் கணக்கெடுக்க வந்திருக்கேன் பாப்பா. இதோட மூணு தடவை வந்துட்டேன். கொஞ்சம்..."

"எங்க வீட்டுல எத்தனை பேர் இருந்தா உங்களுக்கென்ன? போங்க!"

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. இது யார் பேச்சு? பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் அம்மா தினமும் கேட்டுவிட்டு வருகிற பேச்சு. அதே சொற்கள். அதே எரிச்சல். அம்மாவை விரட்டுகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நேற்றுவரை நினைத்திருந்தாள். இப்போது அவளும் அவர்களில் ஒருத்தி.

ஸ்டூலைப் போட்டு ஏறி, கதவில் இருந்த கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தாள். தலை நரைத்த ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அம்மாவுடையதைப் போன்ற அட்டை. மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே போனில் பேசினார்.

"ம்... மூணாவது மாடில இருக்கேன். இங்க கதவு பேசுது, ஆளைக் காணோம்... நீங்க சாப்பிடுங்க, எனக்காகக் காத்திருக்க வேணாம். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா? உங்கம்மா என்ன பண்றாங்க? சத்தம் போடறாங்களா? அப்ப நல்லாத்தான் இருக்காங்க."

மிளகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பார்த்தால், பயத்தைக் காணோம். அவரும் வீட்டுக்குப் போக வேண்டியவர். அவர் வீட்டில் ஒரு சின்னவன் இருக்கிறான். இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ஆனால் அது போதுமாக இருந்தது.

கதவை அவள் திறக்கவில்லை. பக்கத்து ஜன்னலைத் திறந்து, கம்பிக்கு நடுவே ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. நாளைக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல வாங்க."

"அட, கதவுக்குக் கைகூட இருக்கே!" என்று வாங்கிக் குடித்தார் அவர்.

அன்று மாலை செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தது. "என்னால முடியலடி. நாளைக்குப் பையைத் திருப்பிக் குடுத்துடறேன். ஆனது ஆகட்டும்," என்றாள் அம்மா.

மிளகு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "அம்மா, கதவைத் தட்டினதும் முதல்ல நீ என்ன கேப்ப?"

"வீட்டுல எத்தனை பேருன்னு."

"அது பயமா இருக்கும்மா. உள்ள இருக்கிறவங்களுக்கு." மத்தியானம் நடந்ததையெல்லாம் சொன்னாள். "முதல்ல நம்ம வீட்டுல எத்தனை பேருன்னு நீ சொல்லிடேன். அப்புறமா அவங்களைக் கேளு."

அம்மாவின் பார்வை அரிசி டப்பாவின் பக்கம் போனது.

"அந்த எண் என் வாயில வர மாட்டேங்குதுடி," என்றாள் கடைசியில். "எழுதவும் வரல. எழுதிட்டா அவ்வளவுதான்னு ஆயிடும் போல இருக்கு."

தனக்கு மட்டும்தான் அப்படி என்று மிளகு நினைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்காரும்போது இன்னமும் மூன்று தட்டுகளை எடுத்துவிட்டு, ஒன்றைச் சத்தமில்லாமல் திருப்பி வைக்கிறவள் அவள்.

"நான் சொல்றேன்," என்றாள். "நாளைக்கும் லீவுதானே. நானும் வரேன்."

மறுநாள் நீல கேட். நாய் வாலை ஆட்டியது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, "மறுபடியுமா? எத்தனை தடவை சொல்றது!" என்று குரல் வந்தது.

அம்மாவின் கை தானாகப் பின்வாங்கியது. மிளகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இவங்க எங்க அம்மா. டீச்சர். எங்க வீட்டுல ரெண்டு பேர், நானும் அம்மாவும். முன்னாடி மூணு பேர். அப்பா போன மழைக்காலத்துல இறந்துட்டாங்க."

சொல்லிவிட்டாள். சொன்னால் இடி விழும் என்று நினைத்திருந்தாள். விழவில்லை. வலித்தது, அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. சவரம் செய்யாத முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"இங்க ஒரே ஆள்தான்," என்றார் அவர். "போன கணக்கெடுப்புல நாலு பேர்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாயையும் சேத்து எழுதிக்க முடியாதா, டீச்சரம்மா?"

"ஃபாரத்துல அதுக்கு இடமில்லீங்க," என்றாள் அம்மா மெதுவாக.

"சரி. ஒண்ணுன்னே போடுங்க."

அம்மா நின்றபடியே எழுதினாள். அவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

எல்லாக் கதவும் திறந்தன என்று சொன்னால் அது பொய். இரண்டு வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள். வெளியூர் தாத்தா இன்னும் வெளியூரிலேயே இருந்தார். சூப்பர்வைசர் சனிக்கிழமை என்ன சொல்வாரோ தெரியாது. ஆனால் திரும்பி வரும்போது அம்மா பையைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசவில்லை. மாடிப்படியில் அவள் செருப்பு டக் டக் என்று வரவில்லைதான், இழுக்கவும் இல்லை.

ஏழு மணிக்கு மேல் கதவு தட்டப்பட்டது. அம்மாவே போய்த் திறந்தாள். நரைத்த தலைக்காரர் முழங்காலைப் பிடித்தபடி நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள்,

"ரெண்டு பேர்ங்க," என்றாள் அம்மா. குரல் பாதியில் உடைந்தது, ஆனால் சொல் முழுசாக வந்துவிட்டது. "நானும் என் பொண்ணும்."

அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்த படிவத்தை எடுத்து வந்து நீட்டினாள். அவர் தலையசைத்து அதில் எழுதிக்கொண்டார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக மிளகைப் பார்த்தார்.

"நேத்து இங்க ஒரு கதவு பேசுச்சே, அதை எந்தக் கட்டத்துல எழுதறது?"

அம்மாவுக்குக் களுக்கென்று சிரிப்பு வந்தது, கண்ணைத் துடைக்கத் துடைக்க.

"எழுத வேணாங்க," என்றாள் மிளகு. "அது இனிமே பேசாது. நான்தான் பேசுவேன்."