செவியம் கேட்ட சொல்

காலை எட்டு மணிக்குத் தமயந்தி குழாயைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. இதோடு நான்காவது நாள். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் குப்புராஜ் மோட்டார் போட மறந்துவிடுகிறாரா, கரண்டை மிச்சம் பிடிக்கிறாரா என்பது அந்த மனிதருக்கே வெளிச்சம். நுனி நாக்கு வரை வந்த வசவை அவள் விழுங்கிக்கொண்டாள். சமையலறைக் கூரையில் செவியம் பச்சை விளக்கோடு விழித்திருந்தது.

செவியம் இல்லாத வீடு கிடையாது. லிப்ட், பேருந்து, அலுவலகக் கழிப்பறை என்று எங்கும் உண்டு. யார் குறை சொன்னாலும் கேட்கும்; கேட்டதோடு விடாமல் தீர்த்தும் வைக்கும். வந்த புதிதில் சிங்காநல்லூரே அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. தீர்த்து வைக்கும் லட்சணம் பிறகுதான் தெரிந்தது. எதிர்க் கட்டடத்தில் ஒருவர் சுவர் ஒழுகுகிறது என்று முனகினார். வாழத் தகுதியற்றது என்று கட்டடத்துக்கே சீல் வைத்துவிட்டார்கள். ஆறு குடும்பம் பாத்திரம் பண்டத்தோடு தெருவில் நின்றது. தமயந்தியே ஒருமுறை, பக்கத்து மேசை சபரீசன் ஓயாமல் தொண்டையைச் செருமுகிறான் என்று தோழியிடம் அலுத்துக்கொண்டாள். மறுநாள் அவன் மேசை காலி. அவனை எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்று கேட்க இன்றுவரை அவளுக்குத் தைரியம் வரவில்லை. எது தொந்தரவோ அதை அப்புறப்படுத்துவது. அந்த இயந்திரத்துக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அதனால் ஊரே வாயை மூடிக்கொண்டது. ஏழு மாதக் குழந்தை அகரனுக்கு மட்டும் இதெல்லாம் தெரியுமா? பல் முளைக்கிற நேரம். ஐந்து நாளாகத் தானும் தூங்கவில்லை, அவளையும் கண் மூட விடவில்லை. கணவன் வேலை பார்ப்பது நடுக்கடல் காற்றாலையில்; வர இன்னும் ஒரு மாதம் ஆகும். இடுப்பில் இருந்த பிள்ளை வீறிட்டுக்கொண்டே கையை வீசினான். புட்டி தெறித்து, பால் முழுக்கத் தரையில் ஓடியது.

"சனியனே! யாராச்சும் வந்து இவனத் தூக்கிட்டுப் போங்களேன், ஒரு மணி நேரமாச்சும் தூங்கறேன்!"

விளக்கு நீலமானது. "உங்கள் குறை பதிவாகிவிட்டது. ஒன்பது மணிக்குத் தீர்க்கப்படும்" என்றது இனிமையான ஒரு குரல்.

சொன்னபடி ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஒரு பெண் அதிகாரி, கையில் மெத்தை வைத்த தூக்குக் கூடையோடு நின்றாள்.

"குறைதீர் மையத்துலருந்து வர்றேனுங்க. ஹேமலதா. குழந்தை இதுதானுங்களா?"

"அது குறையே இல்லீங்க. தூக்கமில்லாம ஏதோ வாய்ல வந்துருச்சு."

"எல்லாருமே அப்படித்தானுங்க சொல்றாங்க." ஹேமலதா கூடையின் பட்டையை அவிழ்த்தாள். "நல்ல எடமுங்க. பதினெட்டு வயசு வரைக்கும் அங்கயே பாத்துக்குவாங்க."

தமயந்தி பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். "தொட்டீங்கன்னா கடிச்சு வெச்சுருவேன்" என்றாள். அவளுக்கே அது தன் குரலாகத் தெரியவில்லை.

ஹேமலதா கூடையைக் கீழே வைத்துவிட்டு டேப்லெட்டை நீட்டினாள். "மறுப்புரைன்னு ஒண்ணு இருக்குதுங்க. யாரும் கேக்கறதில்ல, அதனால நாங்களும் சொல்றதில்ல. படிச்சுட்டு ரேகை வைங்க."

'இக்குழந்தையால் எனக்கு எக்குறையும் இல்லை. இனியும் சொல்லமாட்டேன். சொன்னால் முதல் புகார் உடனே நிறைவேற்றப்படும்.'

"இவனுக்கு மேலுக்கு முடியாமப் போனா?"

ஹேமலதா கூரையை ஒரு பார்வை பார்த்தாள். "அதுவும் குறைதானுங்களே" என்றாள் மெதுவாக.

தமயந்தி கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

மதியம் இரண்டு மணிக்கு அகரனின் அழுகை நின்றது. அப்பாடா என்று அவன் நெற்றியில் கை வைத்தவள் விருட்டென்று கையை எடுத்தாள். அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகச் சுட்டது. வெப்பமானி நூற்று மூன்று காட்டியது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். வாசலிலேயே ஒரு செவியம், என்ன கஷ்டம் என்று கேட்டுத்தான் உள்ளே விடும். வாய் திறந்தால் பிள்ளை போய்விடும். திறக்காவிட்டாலும் போய்விடுமோ? தடுப்பூசி போடும் டாக்டர் சிவசாமியைப் போனில் அழைத்தாள்.

"சொல்லும்மா."

என்னவென்று சொல்வாள்? "டாக்டர்... அகரன் நல்லா இருக்கானுங்க."

அவர் போனை வைத்துவிடப் போகிறார் என்று பயந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கானா?"

"ரொம்பங்க டாக்டர்."

"எத்தனை டிகிரி நல்லா இருக்கான்?"

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. இப்படி அழைக்கும் முதல் தாய் அவள் இல்லை.

"நூத்தி மூணுங்க."

"சந்தோஷம். மூச்சு?"

"அதுவும் நல்லா இருக்குதுங்க. வேக வேகமா நல்லா இருக்குது."

"அப்ப நேர்ல வந்து கொஞ்சிட்டுப் போறேன். பத்தே நிமிஷம். அதுவரைக்கும் ஈரத்துணியால ஒடம்பத் தொடச்சு வெளையாட்டுக் காட்டும்மா. அழுதுறாத. சிரி. நல்லாக் கேக்கற மாதிரி சிரி."

தமயந்தி சிரித்தாள். கண்ணீர் மோவாயிலிருந்து சொட்ட, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே, கொதிக்கும் அந்தச் சின்ன உடம்பைத் துடைத்தாள்.