தெரிஞ்சா மேல வா

செயின்ட் கிட்ஸ் தீவுக்குத் தலைநகர் எது என்று ஷ்யாமளா பீன்ஸ் நறுக்கியபடியே கேட்டபோது, "பாஸ்டேர், அம்மா" என்று பளிச்சென்று பதில் வந்தது. திரும்பிப் பார்த்தால், மேஜையில் உட்கார்ந்திருந்த மகள் ஸ்ம்ருதியின் வாயில் பால் டம்ளர் இருந்தது.

குரல் வந்த இடமும் சரியில்லை. மேஜைக்கு அடியில், தரையில் பதித்த ஹீட்டர் வென்ட் பக்கமிருந்து வந்த மாதிரி இருந்தது. மான்மவுத் ஜங்ஷன் என்கிற இந்த ஊரில் வீட்டை வாங்கியதிலிருந்து, பேஸ்மென்ட்டின் வெதுவெதுப்பான காற்றும், தூசி கருகும் வாசனையும், கீழே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் உறுமும் சத்தமும் அந்த இரும்புச் சல்லடை வழியாகத்தான் சமையலறைக்கு ஏறி வரும். நவம்பரில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்த பிறகு, சாயங்காலம் ஸ்கூல் பஸ் குழந்தையை இறக்கிவிட்டுப் போன கையோடு ஜன்னலெல்லாம் கறுத்துவிடுகிறது.

"நீயா சொன்னே?"

மேலுதட்டில் பால் மீசையோடு ஸ்ம்ருதி தலையாட்டினாள். "நோ. ஐ தாட் யூ செட் இட்."

ஷ்யாமளாவுக்குச் சுருக்கென்றது. கிண்டலா? மறுபடி கேட்டாள். குழந்தை பேந்தப் பேந்த விழித்தது. மற்ற தலைநகர்களையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற பெண்ணுக்கு இது ஒன்று மட்டும் நாக்கில் நிற்கவே மாட்டேன் என்கிறது. போன வருஷம் தலைநகர்ப் போட்டி மேடையில் இந்த ஒரு கேள்விக்குத்தான் மைக் முன்னால் வாயடைத்து நின்றாள். முன்வரிசை ஆன்ட்டிகள் எல்லாரும் சேர்ந்து உச்சுக் கொட்டினார்கள். அந்த உச்சு ஷ்யாமளாவின் காதைவிட்டு இன்னும் போகவில்லை. இந்தச் சனிக்கிழமை மறுபடி அதே மேடை.

ஷ்யாமளாவே ஒரு வழியும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்தப் பெயருக்குப் பிரெஞ்சில் தாழ்ந்த நிலம் என்று அர்த்தம். நம் வீட்டு பேஸ்மென்ட்டை நினைத்துக்கொள், பேஸ்மென்ட், பாஸ்டேர், அவ்வளவுதான். ஆனால் ஸ்ம்ருதிக்கு பேஸ்மென்ட் என்றாலே உதறல். தான் மேலே படிப்பதையெல்லாம் கீழே யாரோ திருப்பிச் சொல்லிப் பார்ப்பதாகச் சொல்வாள். "தே ஆர் ப்ராக்டிஸிங் மீ, அம்மா." படிக்கச் சோம்பல்பட்டால் எப்படியெல்லாம் கதை வருகிறது என்று ஷ்யாமளா நினைத்துக்கொள்வாள்.

இன்றைக்குப் பொறுமை போய்விட்டது. குழந்தையைத் தோளைப் பிடித்து எழுப்பி, பேஸ்மென்ட் கதவுவரை நடத்திப் போனாள். சுவரில் இருந்த ஸ்விட்சைப் போட்டாள். கீழே படிகள் மஞ்சளாகத் தெரிந்தன.

"கீழ போய் நில்லு. தெரிஞ்சா மேல வா. தெரியாம வராதே."

"அம்மா, ப்ளீஸ்..."

கதவைச் சாத்தினாள். கீழிடுக்கில் வெளிச்சக் கோடு மட்டும் நின்றது.

திரும்பி வந்து பீன்ஸை நறுக்க ஆரம்பித்தாள். கத்தி பலகையில் தட்டும் சத்தம், குக்கர் ஆவி சீறும் சத்தம், வெளியே காய்ந்த இலைகளை யாரோ புளோயரால் தள்ளும் இரைச்சல், எல்லாவற்றுக்கும் அடியில் ஃபர்னஸின் உறுமல். பிறகு உறுமல் நின்றது. வீடே காதைத் தீட்டிக்கொண்டது போல இருந்தது. கோபம் வடிந்து, அய்யோ பாவம் என்று மனசு அடித்துக்கொள்ள, அவள் மேஜைக்கடியில் குனிந்து வென்ட்டுக்குள் கூப்பிட்டாள்.

"ஸ்ம்ரு, கேபிடல் என்னடா கண்ணா?"

"பாஸ்டேர், அம்மா. தெரிஞ்சுடுச்சு. மேல வரட்டுமா?"

ஷ்யாமளாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வா, வா என்றாள். படிகளில் காலடி கேட்டது. ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, நின்று, அடுத்த படிக்கு இரண்டு காலையும் வைத்து, நடக்கப் பழகும் குழந்தை மாதிரி. கதவு திறந்தது. மூடியது. ஏதோ 'டக்' என்றது. ஸ்ம்ருதி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள்.

ஷ்யாமளா கிரெனடா கேட்டாள், டொமினிகா கேட்டாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. தயக்கமே இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீஸ் வேலையாக ரிச்சர்ட்சன் ஊருக்குப் போயிருந்த கணவன் கௌசிக்கை உடனே ஃபோனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். இன்னும் ஒன்று கேள், கேள் என்று அவனும் குதித்தான். அடுத்த தீவைக் கேட்டதும் ஸ்ம்ருதி சொன்னாள். "அப்பா, காஸ்ட்ரீஸ். நல்லா கேக்குதாப்பா?"



"ஷ்யாமி, அவ எப்போ தமிழ்ல பேச ஆரம்பிச்சா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவளால் சிரிக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து தமிழில் கேட்டு இங்கிலீஷில் மட்டுமே பதில் சொல்லும் பெண். நாற்காலிப் பக்கமிருந்து ஈர மண் வாசனை. மேலுதட்டில் பால் மீசை இல்லை. துடைத்த சுவடும் இல்லை.

பேஸ்மென்ட் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. கீழிடுக்கில் வெளிச்சம் இல்லை.

வென்ட்டுக்குள் மூக்குறிஞ்சும் சத்தம்.

"அம்மா? இட்ஸ் டார்க்."

ஷ்யாமளா கதவுப் பக்கம் போகப் பார்த்தாள். மணிக்கட்டில் ஒரு கை. சின்னக் கை. சில்லென்று இருந்தது. விடவில்லை.

"அம்மா, ஐ ஸ்டில் டோன்ட் ரிமெம்பர். கேன் ஐ கம் அப்?"

வா என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. அவள் சொல்லாமல் குழந்தை வராது. தெரியாம வராதே என்று சொல்லியிருக்கிறாளே. சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை.

எதிரில் இருந்தது சிரித்தது. ஒரு காலை மெதுவாக இறக்கி, வென்ட்டின் மேல் பாதத்தை வைத்து அழுத்தியது. விரலிடுக்குகள் வழியாக அழுகை வந்துகொண்டே இருந்தது.

"அடுத்தது கேளும்மா."