கத்திரியின் காலில் பச்சை நாடா

"என் கோழி என் கோழி இல்லைங்க" என்றார் தையல்காரம்மா. சொல்லிவிட்டு, சொன்னதே தப்போ என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

மச்சானுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. செல்போன் பழுதுபார்க்கும் கடையை மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தவன் அவன். அத்தானின் விசாரணைகளில் மூக்கை நுழைப்பதுதான் அவனுக்கு உண்மையான தொழில். செல்போன் எல்லாம் பேருக்கு. அத்தான் காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருஷம் இழப்பு விசாரணை செய்து ஓய்வு பெற்றவர். எரிந்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, கூண்டோடு செத்த கோழிப்பண்ணை, எதுவானாலும் நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். தெருவில் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர். மச்சானுக்கு அவன் அக்கா வைத்த பெயர் அவசரக்குடுக்கை.

நிதானம் சிரிக்கவில்லை. நாற்காலியை அந்த அம்மாள் பக்கம் நகர்த்திப் போட்டார். "உட்காருங்கம்மா. மொதல்லேருந்து சொல்லுங்க."

"வீட்டுக்குப் பின்னால அஞ்சு கோழி வளர்க்கிறேன். வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் மனசு ஆறட்டும்னு ஆரம்பிச்சது. அஞ்சும் ரெண்டரை வருஷம் முன்னாடி ஒரே நாள்ல வாங்கின குஞ்சுங்க. எல்லாம் ஒரே பழுப்பு. கத்திரி, ஊசி, பொத்தான், கொக்கி, பாபின்னு பேரு. கத்திரிதான் தலைவி. அவ வாய் வைக்காம மத்தவளுங்க வைக்கமாட்டாளுங்க. பாபின் பாவம், எல்லார்கிட்டயும் கொத்து வாங்குவா. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அடையாளம் தெரியட்டுமேன்னு கத்திரி காலில மட்டும் பச்சை நாடா சுத்தித் தைச்சிருந்தேன்."

"சரி."

"போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு காலையில மகளோட என் தம்பி வீட்டுக்குப் போயிட்டு, சாயங்காலம் திரும்பினேன். நேரா கோழிங்களத்தான் பாக்கப் போனேன். பச்சை நாடா போட்டவ என்னைக் கண்டு ஓடுறா! கத்திரி ஓடவே மாட்டா. மடியில ஏறி உக்காருவா. இது கத்திரி இல்லடின்னு மகள்கிட்ட சொன்னேன். 'எல்லாம் ஒரே மாதிரிதானேம்மா, நாடா இருக்கே'ங்கறா. மாப்பிள்ளையும் 'அவதான் அத்தை'ன்னுட்டார். மாடியில குடியிருக்கிறவர் கேட்டுட்டுச் சிரிக்கிறார்."

"அப்போ கோழி மேல சந்தேகம்" என்றான் மச்சான்.

"கோழி மேல இல்ல தம்பி. எம்மேல." தையல்காரம்மாவின் குரல் இறங்கியது. "எப்படியோ அவளைப் பிடிச்சு அந்த நாடாவப் பாத்தேன். என் டப்பாவுல இருந்த நாடாதான். ஆனா அந்தத் தையல நான் எப்பப் போட்டேன்னு நினைவே இல்ல. என் கை அப்படிப் போடாது. எங்க வீட்டுல ஊசி பிடிக்கிறவ நான் ஒருத்திதான். அப்போ நாந்தானே போட்டு மறந்திருக்கணும்?"

அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டார்.

"எங்கம்மாவுக்கு அறுபது வயசுல மறதி வந்துச்சு. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க. எனக்கு இப்ப அம்பத்தெட்டு. இந்தப் பத்து நாளா எதை அளந்தாலும் மூணு தடவை அளக்கிறேன். அப்பவும் நம்பிக்கை வரல. இருபது பிள்ளைங்க பள்ளிக்கூடத்துச் சட்டைய வெட்டாமலே திருப்பிக் கொடுத்துட்டேன். இன்னிக்கு அஞ்சு மணிக்கு மகள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறா. அதுக்கு முன்னால யாராவது ஒருத்தர் வந்து அந்தக் கோழியப் பாத்து, நான் சொல்றது சரியா தப்பான்னு சொல்லிடுங்க. தப்புன்னாலும் தாங்கிக்கிறேன்."

மச்சானின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நிதானம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டின் கொல்லை நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவுதான். ஒரு மூலையில் கம்பிவலை அடித்த மரக்கூண்டு. நடுவில் எலுமிச்சைச் செடி, அதன் அடியில் ஒரு பெரிய ரோஜாத் தொட்டி. குழாயடி. பக்கத்துச் சந்துக்குத் திறக்கும் ஒரு தகரக் கதவு. கதவோரம் பிளாஸ்டிக் உறை போர்த்திய ஸ்கூட்டர், உறை மேல் கோழிகளின் கைங்கரியம்.

தையல்காரம்மா தானிய டப்பாவை எடுத்துக் குலுக்கினார். நாலு கோழிகள் ஓடிவந்து மொய்த்தன. பச்சை நாடா போட்டது மட்டும் தள்ளி நின்று பார்த்தது. மெல்ல ஓர் அடி எடுத்து வைத்தபோது நாலும் திரும்பிக்கொண்டு கொத்தின. எல்லாரிடமும் கொத்து வாங்கும் பாபின்கூட, கிடைத்ததுடா சந்தர்ப்பம் என்று ஒன்று வைத்தது. நாடாக்காரியின் கழுத்தில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தது.

"இது எப்பலேருந்து?" என்றார் நிதானம்.

"அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துலேருந்து."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை கத்திரிதான் முதல்ல தின்னா. சண்டை சச்சரவு ஒண்ணும் இல்ல."

"மச்சான், அவளைக் கொஞ்சம் பிடி."

பிடி என்று சொல்வது சுலபம். மச்சான் இடப்பக்கம் பாய்ந்தால் கோழி வலப்பக்கம் போயிற்று. குழாயடியில் வழுக்கி, கம்பிவலையில் சட்டையை மாட்டி முழங்கைப் பக்கம் சர்ரென்று கிழித்துக்கொண்டு, கடைசியில் கோழியை மார்போடு அணைத்தபடி எழுந்தான். முகத்தில் என்னவோ கொலைகாரனையே பிடித்துவிட்ட பெருமை.

நிதானம் கோழியின் காலைத் தூக்கிப் பார்த்தார். பளிச்சென்ற மஞ்சள். மற்ற நாலின் கால்களையும் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தன.

"இவதான் அத்தான் நல்ல ஆரோக்கியமா இருக்கா" என்றான் மச்சான்.

அடுத்து நாடாவைப் பார்த்தார். நாலு சின்னத் தையல். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒவ்வொன்றையும் விரல் நகத்தால் தொட்டுப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த 'ம்' வந்தால் ஏதோ கிடைத்துவிட்டது என்று மச்சானுக்குத் தெரியும். என்ன கிடைத்தது என்பதுதான் ஒருபோதும் தெரியாது.

கோழியை விட்டுவிட்டு அவனும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். குழாயடியில் தரையில் வட்டமாக ஒரு பழைய கறைத் தடம் இருந்தது. "அத்தான்! இந்தத் தொட்டி முன்னாடி இங்க இருந்திருக்கு. யாரோ எலுமிச்சை அடிக்கு நகர்த்தியிருக்காங்க."

"பாத்தேன். நல்லா கவனிச்சே" என்றார் நிதானம். மச்சானுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்குள் மாடிக்காரர் இறங்கி வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்; கோழியைக் கண்டாலே பிரேக்கை மிதிக்கிற முகம். "என்ன சார், கோழிக்கெல்லாம் துப்பறியறீங்களா? ஒரு கோழி குறைஞ்சா எனக்குக் கொண்டாட்டம்தான். என் வண்டியப் பாருங்க. ஆனா எண்ணிப் பாத்தா அஞ்சும் நிக்குதே!"

"தொட்டிய நீங்க நகர்த்தினீங்களா?" என்று மச்சான் பாய்ந்தான்.

"எனக்கு இருக்கிற இடுப்பு வலிக்குத் தொட்டி ஒண்ணுதான் குறைச்சல்."

நாலு மணிக்கு மகள் வந்தாள். அச்சகத்தில் பிழை திருத்துபவள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். நிதானத்தைத் தனியாக அழைத்து, "தயவுசெய்து அம்மா சொல்றதுக்குத் தலையாட்டிடாதீங்க சார். பாட்டிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சதாம். எனக்கு பயமா இருக்கு" என்றாள்.

மாப்பிள்ளை அவளுக்குக் கொஞ்சம் பின்னால் வந்தார். மெலிந்த, சாதுவான மனிதர். கையில் மருந்து வாடை. "கிளினிக்ல காலையிலேருந்து விபத்துக் கேஸா வருது. நாலு பேருக்கு மண்டையில கட்டு. மன்னிச்சுக்குங்க சார், லேட்டாயிடுச்சு" என்றபடி நேரே அடுப்படிக்குப் போய் எல்லாருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார் நிதானம்.

"டாக்டர் எதுக்குன்னு நானும் பத்து நாளா தலையால தண்ணி குடிக்கிறேன் சார். கேட்கமாட்டேங்கறாங்க. அத்தைக்கு ஒரு நோயும் இல்ல. சத்தியமா இல்ல."

"கோழி?"

"அது கத்திரிதான்" என்றார் மாப்பிள்ளை தேநீர்த் தட்டைப் பார்த்துக்கொண்டே.

மச்சான் அத்தானைக் குழாயடிக்கு இழுத்துப் போனான். குசுகுசுவென்று, "மகள்தான் அத்தான். அம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா வீடு கைக்கு வந்துடும். இல்லேன்னா மாடிக்காரன். மாப்பிள்ளைய மட்டும் விட்டுடலாம். தங்கமான மனுஷன். டாக்டரே வேண்டாம்னு மன்றாடறார் பாருங்க."

"அதனாலதான் அவரை விடமுடியாது" என்றார் நிதானம். தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எல்லாரையும் கொல்லைக்கு அழைத்தார்.

தையல்காரம்மா கூண்டருகே முக்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நின்றார்கள்.

"அம்மா, நீங்க சொன்னது சரி" என்றார் நிதானம் எடுத்த எடுப்பில். "இது உங்க கத்திரி இல்ல."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நிதானம் கையமர்த்தினார்.

"மொதல் சாட்சி இந்த நாலு கோழிங்க. தலைவிக் கோழி கீழ இறங்கறதும் உண்டு. ஆனா ஒருத்தியோட மோதித்தான் இறங்கும். சனிக்கிழமை ராணியா இருந்தவளை மறுநாளே எல்லாரும் சேர்ந்து, பாபின் உள்பட, விரட்டறதுன்னா அது பதவி போனவ இல்ல. புதுசா வந்தவ. ரெண்டாவது சாட்சி கால். அம்மா, உங்க கோழிங்க முட்டை போட ஆரம்பிச்ச புதுசுல கால் என்ன நிறம்?"

"மஞ்சளா இருந்துச்சு. போகப் போக வெளுத்து..." தையல்காரம்மா நாடாக்காரியின் காலையே பார்த்தார். "ஐயோ! எனக்கு இது தோணவே இல்லையே."

"எப்படித் தோணும்? உங்களையே நீங்க சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தீங்க. கோழியப் பாக்க ஏது நேரம்? முட்டை போடப் போடத்தான் அந்த மஞ்சள் குறையும். ரெண்டு வருஷம் போட்டவளுக்கு இப்படிக் கால் இருக்காது. இவ இளம் கோழி."

"யார் சார் மாத்தினது?" என்றாள் மகள். கேட்கும்போதே அவள் பார்வை மாடிக்காரர் மேல் போயிற்று.

"என்னைப் பாக்காதீங்க!" என்று அவர் பதறினார்.

"அவர் இல்ல" என்றார் நிதானம். "அவர் கத்திரியை ஒழிச்சிருந்தா இன்னொண்ணை எதுக்கு வாங்கி விடப்போறார்? ஒண்ணு போச்சேன்னு சந்தோஷப்பட்டிருப்பார். இதைச் செஞ்சவர் அம்மா மனசு நோகக் கூடாதுன்னு நினைச்சவர். அப்போ வீட்டுக்குள்ளதான். இப்ப அந்தத் தையல். அம்மா, நாடாவை எப்படித் தைப்பீங்க?"

"ஒரே நூலா ஓட்டிக்கிட்டுப் போய்க் கடைசியில ஒரு முடிச்சு."

"இதுல நாலு தையல், நாலுக்கும் தனித்தனி முடிச்சு. துணி தைக்கிறவங்க யாரும் அப்படித் தைக்கமாட்டாங்க. ஒரு தையல் விட்டாலும் மத்தது பிரியக் கூடாதுன்னு காயத்துக்குத்தான் அப்படிப் போடுவாங்க. இந்த வீட்டுல ஊசி பிடிக்கிறவங்க நீங்க ஒருத்தர் இல்லம்மா. ரெண்டு பேர். இன்னொருத்தர் கிளினிக்ல காயம் தைக்கிறவர்."

மாப்பிள்ளை தேநீர்த் தட்டோடு அடுப்படிப் பக்கம் நகர்ந்தார்.

"ஆனா எனக்கு அதுக்கும் முன்னாடியே சந்தேகம்" என்று அவர் பக்கம் திரும்பினார் நிதானம். "அந்தக் கோழி கத்திரிதான்னு உங்க மனைவி நம்பினாங்க. அதனால அம்மாவுக்கு நோயோன்னு பயந்தாங்க. அது நியாயம். நீங்களும் கத்திரிதான்னு சொல்றீங்க. ஆனா அம்மாவுக்கு நோயே இல்லைன்னு சத்தியம் பண்றீங்க. ரெண்டும் எப்படி சார் ஒண்ணாச் சேரும்? இந்த வீட்டுல அவங்க மனசு தெளிவா இருக்குன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. எப்படித் தெரியும்?"

மாப்பிள்ளை தட்டைக் கீழே வைத்தார். அவரும் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"கதவ நாந்தான் திறந்து போட்டேன். குப்பை கொட்டப் போனவன் தாழ்ப்பாள் போடல. கத்திரி பின்னாடியே வந்திருக்கா. சந்து முனையில ஒரு வேன்..." அவர் எலுமிச்சைப் பக்கம் கைகாட்டினார். "எலுமிச்சை அடியில புதைச்சேன். மண்ணு புதுசாத் தெரியுதேன்னு தொட்டிய மேல வச்சேன். மாமா போனதுக்கப்புறம் அத்தை சிரிச்சதே இந்தக் கோழியாலதான். மூணு பண்ணை அலைஞ்சு இவளை வாங்கிட்டு வந்தேன். செத்தவ காலில இருந்தது நைஞ்சு போச்சு, புதுசா வெட்டித் தைச்சேன். அத்தை வந்த உடனே இவ இல்லைன்னுட்டாங்க. அப்பவே சொல்லியிருக்கணும். 'அவதான்'னு வாயில வந்துடுச்சு. அப்புறம் ஒவ்வொரு நாளும்..."

"பத்து நாள்" என்றாள் மகள். "நான் ராத்திரியெல்லாம் அழுதேன். பக்கத்துலதானே படுத்திருந்தீங்க?"



தையல்காரம்மா எழுந்தார். மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றார். அடித்துவிடுவாரோ என்று மச்சான் ஓர் அடி முன்னால் வைத்தான்.

"கோழி செத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன் மாப்பிள்ளை. நீங்க என்னை உக்கார வச்சு, பத்து நாள் எனக்காக என்னையே அழ வச்சுட்டீங்க."

"அத்தை..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளுங்க. இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எல்லார் முன்னாலயும் சத்தமா சொல்லுங்க."

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "அத்தை சொன்னதுதான் சரி. அது கத்திரி இல்ல. அவங்களுக்கு எந்த மறதியும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

தையல்காரம்மா கண்ணை மூடி அதைக் கேட்டார். பிறகு எலுமிச்சை அடிக்குப் போய்த் தொட்டிமேல் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அப்போதுதான் கத்திரிக்காக அழுதார். மகள் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மாடிக்காரர்கூடச் செருமிக்கொண்டு, ஸ்கூட்டர் உறையைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே அத்தான்" என்றான் மச்சான் மெதுவாக. "பாவமா இருக்கு அந்த மனுஷனைப் பாத்தா."

"அந்தம்மாவை எல்லார் முன்னாலயுந்தானே சந்தேகப்பட்டாங்க? அதுவும் எல்லார் முன்னாலயுந்தான் போகணும்."

மகள் உள்ளே போய் டாக்டருக்குப் போன் செய்து வரவில்லை என்றாள். நிதானமும் மச்சானும் கிளம்பும்போது தையல்காரம்மா வாசலில் மச்சானை நிறுத்தினார்.

"தம்பி, அந்தச் சட்டையோட தெருவில போவீங்களா? கழட்டிக் குடுங்க."

"பரவாயில்லம்மா, பழைய சட்டைதான்..."

"கழட்டுங்கறேன்."

பத்து நாளாக மூடிக்கிடந்த மெஷினின் உறையை அவர் எடுத்தார். துண்டுத்துணி மூட்டையைக் குடைந்து சட்டைக்குப் பொருத்தமான நீலத்தைத் தேடிப் பிடித்தார். பனியனோடு நின்ற மச்சான் கூச்சத்தில் நெளிந்துகொண்டே பார்த்தான். கிழிசல்மேல் டேப்பை வைத்தார். எடுத்தார். மறுபடி வைக்கவில்லை. கத்திரிக்கோலை எடுத்துத் துணியை வெட்டினார்.